இரண்டு கிழமைக்கு வந்தவர்கள்

அப்பாவுக்கு பெயின்ட் வேலை. எங்கள் இலங்கைத் தமிழர் முகாமில் ஆண்கள் பலருக்கும் அதுதான். விடியும் முன்பே தூக்குச்சட்டியோடு கீழ்புத்துப்பட்டிலிருந்து கிளம்பி, தெற்கே பாண்டிச்சேரி, வடக்கே மரக்காணம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட்டு. அப்பா இழுக்கிற பார்டர் நூல் பிடித்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுச் சுவருக்கு மட்டும் வருஷக்கணக்காகச் சுண்ணாம்புதான். அம்மா கேட்டால் ஒரே பதில்: "விட்டிட்டுப் போற வீட்டுக்கு ஆராவது பெயின்ட் அடிப்பினமோ?"

இலங்கையில் ஆனையிறவுப் பக்கத்து ஆள் அவர். 1990-ல், அங்கே உப்பளம் போரில் மூடிப்போன வருஷம், படகேறினார். "ரெண்டு கிழமைக்கு எண்டுதான் வந்தனாங்கள்." உப்பை விட்டு வந்தவரை மரக்காணம் என்ற இன்னொரு உப்பளக் கரையிலேயே கொண்டுவந்து இறக்கியிருக்கிறது விதி. நான் பிறந்ததே இங்கேதான்.

பாண்டிச்சேரியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் புரட்டும்போதுதான் பிர்கர் சான்ட்சேன் அகப்பட்டார். 1871-ல் சுவீடனில் பிறந்த ஓவியர். 1894-ல், இருபத்து மூன்று வயதில், அமெரிக்காவின் கன்சாஸில் லிண்ட்ஸ்போர்க் என்ற சிற்றூருக்கு, பெத்தனி கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. 1946 வரை அதே கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார். 1954-ல் அதே ஊரில் இறந்தார்.

எந்த நாளில் அவர் நாள் எண்ணுவதை நிறுத்தினார் என்பதுதான் என்னைக் குடைகிறது. படங்களைப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடுகிறது. அவருடைய ஆசிரியர் ஆண்டர்ஸ் சோர்ன் வெள்ளை, கருப்பு, காவி, சிவப்பு என்று நாலே நிறத்தில் உலகத்தை வரைந்துவிடுவார் என்று பெயர் பெற்றவர். சான்ட்சேனின் தொடக்ககாலப் படங்களும் மங்கல் வெளிச்சத்தில்தான் இருக்கின்றன. பிறகு, வருஷங்கள் போகப்போக, கன்சாஸ் சமவெளியின் வெயிலும் கொலராடோ மலைகளின் வறண்ட காற்றும் படத்துக்குள் வந்துவிடுகின்றன. பாறை ஊதாவாகிறது, ஆற்றங்கரை ரோஜா நிறமாகிறது, சாயம் கரணை கரணையாக நிற்கிறது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "என்ன பிள்ளை, பெயின்டைப் பட்டி மாதிரி அப்பியிருக்கிறார்!" அவருக்குத் தொழில் முக்கியம்.

இரண்டு பேரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லைதான். சான்ட்சேனை யாரும் துரத்தவில்லை. இடையில் சுவீடனுக்குப் போய்வரவும் முடிந்தது. இங்கே பிறந்த எனக்கே இந்தியக் குடியுரிமை கிடையாது. 2019-ல் வந்த திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். முகாம் பதிவேடு பதிவேடாகவே இருக்கிறது. தங்குவதற்கு உரிமை இல்லாதவரைப் பார்த்து, "தங்கும் மனசு ஏன் வரவில்லை?" என்று கேட்பது கொஞ்சம் கொடுமை. நானும் சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

எதிர்த்திசையிலும் ஆள் உண்டு. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்குப் பக்கத்தில், 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் இருந்தவர் ஓவியர் விஸ்வநாதன். பாரிஸுக்குப் போய்க் குடியேறியவர், பின்னாளில் திரும்பிவந்து இந்தியக் கடற்கரை நெடுக மணல் அள்ளிச் சேர்த்தார். 'மணல்' என்றே ஒரு படமும் எடுத்தார். அப்பா ஆனையிறவிலிருந்து எதையும் அள்ளி வரவில்லை. படகில் இடமில்லை.

போன சித்திரையில் அப்பாவுக்கு மரக்காணத்தில் ஒரு வீட்டு வேலை. மதியம் சோறு கொண்டுபோனேன். பக்கத்து உப்பளத்தில் தண்ணீர் சுண்டச் சுண்ட, சில பாத்திகள் செம்மண் கரைத்த மாதிரி ரோஜா நிறமாகிவிடும். உப்பு ஏறிய தண்ணீரில் வாழும் பாசியும் நுண்ணுயிர்களும் செய்கிற வேலை. அப்பா வரப்பு ஓரம் உட்கார்ந்து, சோற்றைப் பிசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனையிறவு நினைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, மிஞ்சிய எமல்ஷன் அரை வாளியில் சிவப்பு ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்கினார். ஒரு அட்டையில் தடவி, வெயிலில் காயவைத்துப் பார்த்தார். மறுபடி இரண்டு சொட்டு. பிறகு எங்கள் முன்சுவரில் ரோலரை வைத்தார். அம்மா வாசலில் நின்றார், ஒன்றும் கேட்கவில்லை.

"இது எந்த ஊர் நிறம் அப்பா?" என்றேன்.

"மரக்காணத்தில பார்த்தனீ தானே? விலகு, சொட்டும்."

கடற்கரைச் சுவர். ஐப்பசி மழையில் அடிப்பக்கம் உப்பரித்து, சாயம் பொருக்குத் தட்டிவிட்டது. ஜன்னல் விளிம்பில் உப்புத்தாள் நாலு வாங்கி வைத்திருக்கிறார். தை வெயில் வரட்டும் என்கிறார்.