வட்டத்தின் எல்லாப் புள்ளிகளும்

வட்டம் என்றால் என்ன? எஸ்.பி.எம். எழுதிய யாரும் சொல்லிவிடலாம். ஒரு தளத்தில், குறிப்பிட்ட ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்தில் இருக்கும் புள்ளிகளின் கணம். 1984இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இதையேதான் சொன்னான். தவறு என்றார் தேர்வாளர். சம தூரத்தில் இருக்கும் 'எல்லாப்' புள்ளிகளின் கணம் என்று சொல்லியிருக்க வேண்டுமாம்.

பையனின் பெயர் எட்வர்ட் ஃபிரெங்கெல். தாய் ரஷ்யர், தந்தை யூதர். நான்கு மணி நேரத்துக்கும் மேல் நடந்த அந்த வாய்மொழித் தேர்வின் முடிவில் அவருக்கு இடம் இல்லை. எண்ணெய், எரிவாயு படிப்புக்கான குப்கின் கல்லூரியில் சேர்ந்தார். மாணவர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'கெரோசின்கா', அதாவது மண்ணெண்ணெய் அடுப்பு. இடம் தராத பல்கலைக்கழகத்தின் வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே போய் வகுப்புகளைக் கேட்டார். 1989இல், 21 வயதில், ஹார்வர்ட் அழைத்தது. இதையெல்லாம் 2013இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

கதை இதோடு முடிந்தால் 'திறமை ஜெயிக்கும்' என்று வாட்சாப்பில் ஃபார்வர்டு பண்ணிவிட்டுப் போய்விடலாம். என்னை விடாமல் உறுத்துவது வேறு. அந்தத் தேர்வாளர் சொன்னது பொய் இல்லை. 'எல்லா' என்ற சொல் இல்லாவிட்டால், வட்டத்தின் மீது கிடக்கும் வெறும் மூன்று புள்ளிகளும் அந்த வரையறைக்குள் வந்துவிடும். கணிதப்படி அவர் சொன்னது சரி. முழுக்க முழுக்க உண்மையை மட்டுமே பேசி ஒருவனுக்கு அநியாயம் செய்ய முடியுமா? அந்த அறையில் முடிந்திருக்கிறது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மெக்மாத் எனப்படும் அந்தக் கணிதத் துறையில் இதற்கென்றே ஒருவகைக் கணக்குகள் புழங்கின. பெரும்பாலும் யூத மாணவர்களுக்குக் கொடுக்கப்படும். ரஷ்ய மொழியில் 'க்ரோப்' என்று பெயர். சவப்பெட்டி. தான்யா ஹொவனோவா, அலெக்சேய் ரதூல் இருவரும் பிற்பாடு அவற்றில் சிலவற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஒன்றைப் பாருங்கள். 2ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 3 வரும்? 3ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 5 வரும்? இந்த இரண்டு எண்களில் எது பெரியது? கால்குலேட்டர் கிடையாது.

நான் ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க இதோடு மல்லுக்கட்டினேன். விடை மூன்றே வரி. இரண்டு எண்களையும் ஒன்றரையோடு ஒப்பிட வேண்டும். 2இன் மூன்றாம் அடுக்கு 8, 3இன் வர்க்கம் 9. 9 பெரியது, ஆகவே முதல் எண் ஒன்றரையைத் தாண்டுகிறது. 3இன் மூன்றாம் அடுக்கு 27, 5இன் வர்க்கம் 25. ஆகவே இரண்டாவது எண் ஒன்றரையை எட்டவில்லை. முடிந்தது. நான்காம் படிவப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. விடை கடினமாக இருந்தால் மேல்முறையீட்டில் மாட்டிக்கொள்வார்கள். விடை எளிமையாகவும் அதைக் கண்டுபிடிப்பது கடினமாகவும் இருந்தால், "பள்ளிக்கூடக் கணக்குதானே, இதுகூடத் தெரியவில்லையா" என்று அனுப்பிவிடலாம். இப்படி ஒரு கணக்கை அமைப்பது சாதாரண அதிகாரியால் ஆகிற காரியம் இல்லை. கணிதம் தெரிய வேண்டும், ரசிக்கவும் தெரிய வேண்டும். அந்த ரசனை உள்ள ஒருவர்தான் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார். கணிதம் மனிதனை நேர்மையாக்கும் என்று பள்ளியில் யாரோ எனக்குச் சொல்லித் தந்தார்கள். அவர்கள் மெக்மாத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததே ஒரு நண்பனால்தான். பள்ளியில் என் பக்கத்து நாற்காலி. நான் உள்நாட்டிலேயே பொறியியல் படித்து இப்போது பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அவன் கணிதம் படிக்க மாஸ்கோ போனான். ரஷ்யாவுக்குப் படிக்கப் போகிறான் என்றால் நம்மூரில் எல்லாரும் டாக்டருக்கா என்றுதான் கேட்பார்கள். கணக்கு என்றதும் அவன் அத்தை, "அதை இங்கயே போடலாமேப்பா" என்றார்.

முதல் வருடம் கணிதமே இல்லை. வெளிநாட்டவருக்கான 'பத்ஃபாக்' எனும் ஆயத்தப் பிரிவில் ரஷ்ய மொழி மட்டும். அதன் பிறகு, 1953இல் கட்டி முடித்த அந்த 240 மீட்டர் கோபுரத்துக்குள்ளேயே தூக்கமும் படிப்பும். கீழே லிஃப்டுக்கு வரிசை, 12 முதல் 16 வரையிலான மாடிகளில் மெக்மாத், பக்கவாட்டுப் பகுதிகளில் விடுதி. இரண்டு சின்ன அறைகளுக்கு ஒரு குளியலறை. வாசலில் அனுமதி அட்டை காட்டாமல் ஈ கூட நுழையாது. பாடவேளைக்குப் பெயர் 'பாரா', ஒன்றரை மணி நேரம். "மச்சான், வெளிய மைனஸ் பதினெட்டு, உள்ள ஹீட்டர் சூட்டுல சன்னல தொறந்து வச்சுக்கிட்டு படுத்திருக்கேன். சாப்பாடு கிரேச்கா. நம்ம கேழ்வரகு களிக்குத் தூரத்துச் சொந்தம்னு நெனச்சுக்கிட்டு முழுங்கிடுவேன்" என்று குரல் பதிவு அனுப்புவான். கிரேச்காவுக்கும் கேழ்வரகுக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. பசி அப்படிப் பேச வைத்தது.

அவனை மாற்றியது தேர்வு முறை. அங்கே பெரும்பாலான தேர்வுகள் இன்றும் வாய்மொழியாகத்தான். மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும், கொஞ்ச நேரம் எழுதித் தயாராக வேண்டும், பிறகு பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டும். ஐந்து என்றால் மிகச் சிறப்பு, இரண்டு என்றால் தோல்வி. மாலையில் அவன் இன்னொரு இடத்துக்கும் போவான். 1991இல் தொடங்கிய மாஸ்கோ சுதந்திரப் பல்கலைக்கழகம். நகரின் பழைய பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது, விரிவுரையை யாரும் போய்க் கேட்கலாம். அங்கே 'லிஸ்தோக்' என்று ஒரு தாளில் கணக்குகள் தருவார்கள். போட்டு முடித்ததும் ஒருவரிடம் உட்கார்ந்து வாயால் விளக்க வேண்டும். நிகோலாய் கான்ஸ்தான்தீனோவ் போன்றவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காக வளர்த்தெடுத்த பழக்கம் அது.

ஒருநாள் அவன் ஒரு வரையறையைச் சொன்னபோது எதிரில் இருந்தவர் நிறுத்தி, "எல்லாமா, சிலவா?" என்று கேட்டாராம். இவன் விழித்தான். அவர் சும்மா இருந்தார். தேநீர் குடித்தார். பதினைந்து நிமிடம் கழித்து இவனே கண்டுபிடித்துச் சொன்னதும், "அடுத்தது" என்றார், அவ்வளவுதான். "அன்னைக்குத்தான்டா எனக்கு 'எல்லா'ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே புரிஞ்சது" என்றான்.

ஃபிரெங்கெலிடம் எடுத்துக்காட்டப்பட்ட அதே விடுபடல். ஊரும் அதே, எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு நடக்கும் முறையும் அதே. இரண்டு உரையாடல்களையும் எழுத்தில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் கேட்டவரின் மனதில் இருக்கிறது: ஒருவர் விடை வர வேண்டும் என்று காத்திருக்கிறார், மற்றவர் வரக் கூடாது என்று காத்திருக்கிறார். சிக்கல் என்னவென்றால், மனதை எந்த மேல்முறையீட்டுக் குழுவும் திறந்து பார்க்க முடியாது.

நம் வாசகர்கள் இந்நேரம் எங்கே போயிருப்பீர்கள் என்று தெரியும். நானும் அங்கேதான் போனேன். 2019இல் மெட்ரிக்குலேஷன் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் 90க்கு 10 என்ற பிரிவு அப்படியே நின்றது. ஒவ்வோர் ஆண்டும் முடிவு வரும் வாரம் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதையும் மாஸ்கோவையும் ஒன்றாகக் கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை. நம்முடையது எழுதி வைத்த எண். அது பிடிக்காவிட்டால் அந்த எண்ணோடு சண்டை போடலாம், நாடாளுமன்றத்தில் கேட்கலாம், கோப்பிக் கடையில் திட்டலாம். இடம் கிடைக்காத பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஓரளவாவது தெரியும். சோவியத் மாணவனின் கையில் அப்படி ஓர் எண் இல்லை. சட்டத்தின்படி எல்லாரும் சமம். அவனுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: உனக்குக் கணக்கு வரவில்லை. இடத்தோடு சேர்த்து, தன்னைப் பற்றித் தனக்கே இருக்கும் மதிப்பீட்டையும் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். அதை நம்பிக் கணிதத்தையே விட்டுப் போனவர்கள் இருப்பார்கள். ஹார்வர்ட் போனவரின் புத்தகம்தான் நமக்குக் கிடைக்கிறது.

நண்பன் இதில் என்னோடு ஒத்துப்போகவில்லை. "எழுதி வச்சா மட்டும் வலிக்காதாடா? எழுதி வச்சதும் பழகிடுவோம், அது மோசமில்லையா?" என்றான். அவனுக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. சொந்த ஊர்ப் பிள்ளைகளைச் சவப்பெட்டியால் தடுத்த அதே காலத்தில் சோவியத் யூனியன் ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்களைக் கைநீட்டி அழைத்துக்கொண்டிருந்தது. 1960இலேயே அதற்கென ஒரு மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் திறந்தார்கள். அழைத்ததும் நல்லது, தடுத்ததும் உண்மை. நாற்பது வருடம் கழித்து அதே மாடியில், ஒப்பந்தத்தின் பேரில் வந்த நாற்காலியில், நம்ம ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவன் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. இருந்தும், மேலே போகும் லிஃப்டில் சில நாள் இந்த யோசனை வரும் என்றான்.

என் பங்குக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. டெக்னீஷியன் வேலைக்கு நேர்காணல் நடக்கும்போது தொழில்நுட்பக் கேள்வி கேட்க என்னையும் உட்கார வைப்பார்கள். பட்டியல் எல்லாருக்கும் பொது. அந்தப் பட்டியலுக்காக நான்தான் சண்டை போட்டேன். ஆனால் தொடர் கேள்விக்குப் பட்டியல் கிடையாது. ஒரு பையன் தடுமாறும்போது, "சரி, மோட்டார் சூடாகுதுன்னு வச்சுக்க, முதல்ல எதைப் பார்ப்ப?" என்று கேட்டு அவனைக் கரையேற்றலாம். அல்லது அவன் சொன்ன வாக்கியத்தில் விட்டுப்போன ஒரு சொல்லைப் பிடித்து இழுக்கலாம். இரண்டும் நியாயமான கேள்விதான், மனிதவளப் பிரிவின் படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான்.

மாஸ்கோவில் இதற்கு எதிராக நடந்தவற்றில் எனக்குப் பிடித்தது பெல்லா சுப்போத்தோவ்ஸ்கயாவின் வேலை. 1978இல், இடம் மறுக்கப்பட்ட மாணவர்களுக்காகத் தன் வீட்டிலேயே கணித வகுப்பு ஆரம்பித்தார். திமித்ரி ஃபூக்ஸ் போன்ற கணித அறிஞர்கள் வந்து பாடம் எடுத்தார்கள். சான்றிதழ் இல்லை. பிள்ளைகளுக்கு சாண்ட்விச் செய்து கொடுப்பது பெல்லாவே. பின்னாளில் இதை யூத மக்கள் பல்கலைக்கழகம் என்று அழைத்தார்கள், ஆனால் வந்தவர்களிடம் நீ யூதனா என்று யாரும் கேட்டதில்லை. 1982இல் இதில் பங்கெடுத்த வலேரி செந்தெரோவும் போரிஸ் கனேவ்ஸ்கியும் கைதானார்கள். நுழைவுத் தேர்வில் நடந்ததை ஆவணப்படுத்தியவர்கள் அவர்கள். பெல்லாவை கே.ஜி.பி. விசாரித்தது. அதே செப்டம்பரில் ஓர் இரவு சாலையில் லாரி மோதி இறந்தார். வகுப்புகள் அதிக நாள் நீடிக்கவில்லை.

ரஷ்யாவில் 2009 முதல் நாடு முழுக்க ஒரே எழுத்துத் தேர்வு கட்டாயம். அந்தப் பழைய வாய்மொழி நுழைவுத் தேர்வு இப்போது இல்லை. பழைய பேராசிரியர்கள் இதைத் திட்டுகிறார்களாம். தாளில் விடை இருக்கும், புரிந்ததா என்று எப்படித் தெரியும், முகத்தைப் பார்த்துக் கேட்டால்தானே தெரியும் என்கிறார்களாம். நண்பனும் அவர்கள் கட்சி. பொறியாளனான நான் தாள் கட்சி. தாளுக்கு என் பெயர் தெரியாது, அது எனக்குப் போதும்.

"அப்ப உனக்கு 'எல்லா'வுக்கு அர்த்தம் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிருக்கும்" என்றான். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.