கேள்விச் செல்வமும் வானொலியும்

பிறர் சமயத்தைப் பொறுத்துக்கொள்வது வேறு. அதற்குச் செவி கொடுப்பது வேறு. முன்னதற்கு விலகி நின்றாலே போதும். பின்னதற்கு நெருங்கி வருதல் வேண்டும். சமய நல்லிணக்கம் என்று நாம் போற்றுவது இவ்விரண்டனுள் எதனை? இவ்வினாவுக்கு விடை காண, நாம் வாழும் மைசூரின் வானொலி வரலாறே துணை செய்யும்.

1935ஆம் ஆண்டில், மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் ஆற்றல் முதலில் 30 வாட் மட்டுமே. எனினும், அந்நிலையம் தாங்கிய ‘ஆகாசவாணி’ என்னும் பெயரே பின்னாளில் நாடு முழுவதற்குமான வானொலியின் பெயராயிற்று. மனித மனத்தை ஆராய்ந்த அறிஞர் ஒருவர் செவிவழியே மக்களை அடைய விழைந்தது எவ்வளவு பொருத்தம்!

அந்நாளைய மைசூரில் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். 1926 முதல் 1941 வரை திவானாக விளங்கியவர் மிர்சா இஸ்மாயில். 1933இல் புனித பிலோமினா ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் அம்மன்னரே. பிறர் வழிபாட்டைத் தம் கடமையுள் ஒன்றாகக் கருதிய ஆட்சி அது. ஆயினும் ஆட்சியாளரின் பெருந்தன்மை மட்டும் அண்டை வீட்டாரை இணைத்துவிடுமா?

தமிழ்நாட்டு வானொலியின் காலைப் பக்தி இசையை நம்மில் மூத்தோர் மறந்திரார். முருகன் பாடலை அடுத்து நாகூர் அனிபாவின் கணீர்க் குரல் எழும்; இயேசுவின் புகழும் தொடரும். அடுப்படியில் நின்ற தாய்மார் மூன்றையும் கேட்டவாறே பால் காய்ச்சினர். மூன்று சமயங்களுக்கும் இடம் அளித்தது நிலையத்தின் நீதி. பிறர் முறை வரும்போது குமிழைத் திருகி அணைக்காதிருந்தது கேட்டவரின் அறம். இவ்வறம் இல்லையேல் அந்நீதி வெறும் நேரக் கணக்காகவே நின்றுவிடும்.

கருவிக்குத் தனியே அறம் இல்லை. 1994இல் ருவாண்டாவில் துட்சி இன மக்களைக் கொல்லுமாறு தூண்டியதும் ஒரு வானொலிதான். பகை உமிழும் குரலுக்கும் கேட்போர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. 1991இல் காவிரி இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர் மீது வன்முறை பாய்ந்ததை நாம் அறிவோம். ‘வேற்றார்’ என்னும் ஒரு சொல், நேற்றுவரை பழகிய முகத்தையும் மறைத்துவிடும். அவ்வலியை உணர்ந்த நாம், சமயத்தின் பெயரால் அச்சொல்லைப் பிறர்மேல் வீசலாமா?

2006 முதல் தொண்டு அமைப்புகளும் சமுதாய வானொலி நடத்த உரிமை பெற்றுள்ளன. அத்தகைய நிலையங்கள் திருநாள்தோறும் பாடல்களை ஒலிபரப்புவதோடு அமையாமல், நோன்பிருப்பவர் தம் நோன்பைப் பற்றியும், விரதம் காப்பவர் தம் விரதத்தைப் பற்றியும் தாமே பேச வழிசெய்தல் வேண்டும். பிறர் சமயத்தைப் பற்றி நாம் கூறுவதினும் அவர் கூற நாம் கேட்பதே மேல். கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்தோர்க்கு இது புதிதன்று.

எனினும் வானொலியோடு நம்மால் மறுமொழி பேச இயலாது. கேட்ட குரலுக்கு உரியவர் அடுத்த தெருவில் இருப்பார். வானொலியை அணைத்தபின் அவர் வாயிற்படி ஏறி நலம் வினவுதல் நம் பொறுப்பு. மொழியால் ஒன்றுகூடிய நம் சங்கத்துக் குடும்பங்கள் அதனை இவ்வாண்டே தொடங்குக!