நம்பு என்பதா, சோதித்துப் பார் என்பதா?

ஆரணி நெசவாளர் ஒருவர் புதிய நூலை வாங்கினால், பட்டுதானா என்று விற்றவரைக் கேட்டு அமைவதில்லை. ஓர் இழையைக் கிள்ளித் தீயில் காட்டுவார். முடி கருகும் நாற்றம் எழுந்து, சாம்பல் விரலிடையே பொடியானால் பட்டு. உருகிக் கட்டியானால் செயற்கை இழை. 2004-இல் மத்தியப் பட்டு வாரியம் பட்டு முத்திரையைக் கொண்டுவந்தது. எனினும் தறிவீட்டுச் சோதனை இதுதான்.

இத்தகைய விவேகமுள்ள ஒருவரே அண்மையில் கைப்பேசியில் ஏமாந்தார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரலுக்கு ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிட்டார், ஒரு சேலையின் கூலி போயிற்று. வெட்கத்தால் மூன்று நாள் எவரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்திய ஞாயிறுதான் திருப்பலி முடிவில் இருபது எச்சரிக்கைகளை நாம் வாசித்திருந்தோம். அதை நினைவூட்டியபோது அவர், "சாமி, நீங்களும் என் பாதுகாப்புக்குன்னுதான் சொன்னீங்க, அவனும் அதையேதான் சொன்னான்" என்றார்.

ஐயுறுவோர்க்கு ஆலோசனை கூறுவது ஆன்ம இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று எனத் திருச்சபை கற்பிக்கிறது. ஆனால், எல்லா ஆலோசனையும் இரக்கமாகுமா? சுமக்க இயலாச் சுமைகளைப் பிறர் தோள்மேல் ஏற்றிவிட்டு, தாம் ஒரு விரலாலும் உதவாத மறைநூல் அறிஞரை ஆண்டவர் கடிந்துகொண்டார். நம் இருபது எச்சரிக்கைகளும் அத்தகைய சுமையே அன்றோ? கேட்பவரால் கடைப்பிடிக்க முடியுமா என்று எண்ணினோமில்லை. சொல்லிவிட்டோம் என்ற நிறைவே நமக்குப் போதுமாயிருந்தது.

எச்சரித்த பின்னும் ஏமாந்தவர் மீதுதானே தவறு எனச் சிலர் கேட்கலாம். அவர் கேளாதவர் அல்லர். இரு குரல்களையும் பிரித்தறியும் வழியை நாம்தான் தரவில்லை. வஞ்சகன் "என்னை நம்பு" என்பான். நல்ல ஆலோசகர் "நீயே சோதித்துப் பார்" என்பார்.

ஆகவே, இழையைச் சுடுவதுபோன்ற மூன்று சோதனைகள் போதும். பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. இரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்டால் பணம் நம்மைவிட்டுப் போகிறது என்று பொருள். வங்கி என்று யார் அழைத்தாலும் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நாமே அழைக்கலாம். உண்மையான வங்கி அதற்குச் சினங்கொள்ளாது. 'டிஜிட்டல் கைது' என ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. அப்படி மிரட்டுபவன் காவலன் அல்லன்.

ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து அழைத்தால் பணம் கைமாறுமுன் நிறுத்தப்பட வாய்ப்புண்டு. ஆனால் ஏமாந்தவரைப் பழிக்கும் வீட்டில் எவரும் விரைந்து வாய் திறப்பதில்லை. பழிக்காதிருப்பதும் பாதுகாப்பே.

அன்று அவரோடு தறியருகே அமர்ந்து அந்த எண்ணை நாமே அழுத்தினோம். மூன்று நாள் கடந்திருந்தது. பிறர் சுமையைத் தொட வேண்டிய விரலை நாமும் தாமதமாகவே நீட்டியிருந்தோம்.