எஞ்சினைத் தொடுமுன் கியர்பாக்ஸைத் திற

சின்னக் காரில் பெரிய எஞ்சின் ஏற்றவோ, டர்போ பொருத்தவோ துடிக்கும் தம்பி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கு. கியர்பாக்ஸை என்ன செய்யப் போகிறாய்? "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் பதில் என்றால், இன்றே நிறுத்து.

முன்சக்கரம் இழுக்கும் காரில் கியர்களும் டிஃபரன்ஷியலும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். டிரான்ஸாக்ஸில் என்பது அதுதான். எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொள். முதல் கியர் அதை மூன்றரை மடங்காக்கும். பினியனும் கிரவுன் வீலும் சேர்ந்து இன்னும் நான்கு மடங்காக்கும். சக்கரங்களுக்குப் போவது 2,800. குதிரைத்திறனைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்லித் திரிகிறோம். பல்லை உடைப்பது முறுக்குவிசை. கிளட்சைப் பட்டென்று விட்டால் விழும் அடி இந்தக் கணக்கையும் மீறும்.

சாய்வுப் பல் கியர்கள் சுமை ஏற ஏற ஒன்றையொன்று விலக்கித் தள்ளும், பக்கவாட்டிலும் உந்தும். கூடு நெளியும். சூடானால் எஃகைவிட அலுமினியம் அதிகம் விரிவதால் பேரிங்கின் பிடியும் தளரும். முழு அகலத்துக்கும் உட்கார வேண்டிய பல் ஓரத்தில் மட்டும் தொடும். அந்த ஓரம்தான் முதலில் பெயரும்.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார்களில் வந்த 020 கியர்பாக்ஸைப் பார். அதில் கிரவுன் வீலை டிஃபரன்ஷியலோடு பிணைப்பவை ரிவெட்டுகள். அவை தளர்ந்து வெளியே வந்து கூட்டையே துளைத்த கதைகள் ஏராளம். விவரம் தெரிந்தவர்கள் ரிவெட்டுகளைக் குடைந்து எடுத்துவிட்டு உறுதியான போல்ட்டுகளை முடுக்கினார்கள். 1988இல் கொராடோ ஜி60க்கு 160 குதிரைத்திறன் எஞ்சினை வைத்தபோது கம்பெனியே அதில் 020ஐப் பூட்டவில்லை. 02ஏ என்ற வேறு பெட்டியைக் கொடுத்தது. பெட்டியைச் செய்தவர்களுக்கு இருந்த எச்சரிக்கை நமக்கு வேண்டாமா?

உடைந்த துண்டு ஒன்று பினியனுக்கும் கிரவுன் வீலுக்கும் இடையில் சிக்கினால் ஓடும் காரின் முன்சக்கரங்கள் இறுகிவிடும். கிளட்சை மிதித்துப் பயனில்லை. சிக்கியிருப்பது கிளட்சுக்கு அப்பால். பின்னால் குழந்தையோடு ஸ்கூட்டரில் வருகிறவர் உன் எஞ்சின் ஆசைக்கு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

பெரும்பாலோர் முதலில் வாங்குவது கனத்த கிளட்ச். வரிசையே தப்பு. வழுக்கும் கிளட்ச் வீட்டு ஃபியூஸ் மாதிரி. அதைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டால் அடி நேரே பல்லில் இறங்கும். டிஃபரன்ஷியலில் தொடங்கு. ஒரு சக்கரம் மட்டும் சுழலும்போது உள்ளிருக்கும் சிறு கியர்கள் எண்ணெய் காய்ந்து ஊசித்தண்டோடு ஒட்டிக்கொள்ளும். லிமிடெட் ஸ்லிப் போடுவது இதற்குத்தான். பேரிங்குகளைப் புதிதாக்கி ஷிம் அளந்து வை. பழைய கியர்களைக் காந்தமுறையில் விரிசல் சோதித்து, ஷாட் பீனிங் செய். நேர்ப்பல் கியர் பக்கவாட்டு உந்தலை ஒழிக்கும், காதையும் ஒழிக்கும். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் கைக்குக் கிடைத்த ஜிஎல்-5ஐ ஊற்றாதே. பித்தளை சின்க்ரோ வளையம் கெடலாம்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். தேய்ந்த பல்லில் வெல்டிங் வைத்து அனுப்பாதீர்கள். அந்தச் சூட்டில் மேற்பரப்பின் கடினம் செத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். எஞ்சின் கூலியும் கியர்பாக்ஸ் கூலியும் ஒரே சீட்டில் இருக்கட்டும். இரண்டாவது வேண்டாம் என்கிறவரிடம் முதலாவதையும் வாங்காதீர்கள். பக்கத்துப் பட்டறை செய்துகொடுத்தால் கொடுக்கட்டும்.

அனுமதியில்லாமல் காரை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேகத்துக்குச் செட்டிப்பாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அங்கே போ. ஓட்டி முடித்ததும் கியர் ஆயிலை வடித்து, வடிகால் போல்ட்டின் காந்தத்தைத் துடைத்துப் பார். மாவு போன்ற தூள் என்றால் அடுத்த முறையும் ஓட்டலாம். விரலில் குத்தும் துண்டு வந்தால் அன்றைக்கே பெட்டியை இறக்கு.