அவன், அவள், அது

மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் அவன், அவள், அது என்னும் மூன்று சுட்டுப் பெயர்களோடு தொடங்குதலை அன்பர்கள் அறிவர். திரிசிரபுரத்திற் பிறந்த ஜே. எம். நல்லசுவாமிப் பிள்ளையவர்கள் 1895-இல் அந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். அம்மூன்றிற்கும் ஹீ, ஷீ, இட் என்பன நேராயின. ஆயினும் இருமொழியும் முற்றும் ஒவ்வா. தமிழில் வந்தான், வந்தாள் என வினைமுற்றும் பால் காட்டும். ஆங்கிலத்தில் வினை அது காட்டாது. பால் துணியப்படாத ஒருவரை ஆங்கிலர் பன்மைக்குரிய ‘தே’ என்பதனாற் சுட்டுதல் பல நூற்றாண்டு வழக்கு. ஆண், பெண் என்னும் இரண்டனுள் அடங்காதார் அச்சொல்லையே தமக்கு வேண்டுதலின், மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019-இல் அப்பொருளையுஞ் சேர்த்தது. பலர்பாற்குரிய ‘அவர்’ நம்மிடத்து உயர்வு குறித்து ஒருவர்க்கு வருதல் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது.

யாம் இதனை ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. மணப்பாறையில் எம்பாற் பாடங் கேட்கும் மாணவரொருவர், வீதியிற் சென்ற திருநங்கை ஒருவரைக் காட்டி, ‘அது போகின்றது’ என்றார். இவ்வூர் மாட்டுச் சந்தையில் எருதிற்கு வழங்குஞ் சொல் அஃது. சந்திப் பிழையையும் பொறாத யாம் அன்று வாளா இருந்தோம். அவர் ஒருமுறை திரும்பி எம்மை நோக்கிச் சென்றார்.

தொல்காப்பியனார் கிளவியாக்கத்துள், ஆண்மை திரிந்தாரைச் சுட்டும் பெயரையும் தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் ஒரு சூத்திரத்தே வைத்து, தமக்கெனத் தனி ஈறு இல்லாத அவை உயர்திணை ஈறே பெறும் என விதித்தார். ஆகலின் ‘அது’ என்றல் இலக்கணத்தானும் வழுவாம்.

அற்றேல், பால் உடம்பின் கண்ணது, உயிர்க்கு இன்று. எச்சொல்லாற் சுட்டினும் இழுக்கென்னை எனின், அற்றன்று. இகழ்ந்து ‘அது’ என்பான் பாலை மட்டும் மறுத்தானல்லன். சித்தாகிய உயிரைச் சடமாக்கினான். இறைவனை ‘அது’ என்புழிப் பால் கடந்தமை புலப்படும். மக்களை அவ்வாறு கூறுழி அறிவுடைமையே மறுக்கப்படும். இரண்டும் ஒன்றல்ல.

திரிசிராமலைப் பெருமானை ‘அவன்’ என்றே துதிக்கின்றோம். அவனே பேறுகாலத்துத் தாய்வடிவில் வந்து தாயுமானவன் ஆயினான் என்பது தலவரலாறு. அதனை ஆங்கிலத்திற் கூறுவார் ஹீ என்பதா, ஷீ என்பதா என மயங்குவர். அடியார் மயங்கிலர், அருளே அவர்க்குப் புலனாயிற்று.

தம் பாலைத் தாமே துணியும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் உடன்பட்டது. ஆகவே ‘அவள்’ என வேண்டுவாரை அவ்வாறே கூறுக. அறியாதவிடத்து ‘அவர்’ என்க. மறுநாள் மாணவர்க்கு இதனைக் கூறுமுன், எம் மௌனமே முதற் பிழை என்பதை உரைத்தோம்.