பழமையைப் புதுக்குவதா, புதுமையை வாங்குவதா?

ஒரு பொருளை எவ்வளவு காலம் வைத்துக்கொள்வது அறம்? எப்பொழுது அதனை விட்டுவிடுவது அறம்? இவ்வினா இல்லறத்தார் அனைவர்க்கும் உரியது. மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதமாகக் கொண்ட நமக்கு மேலும் நெருக்கமானது. எத்தனை பொருள் என்னும் அளவைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். எத்தனை ஆண்டு என்னும் அளவைப் பற்றிப் பேசுவது குறைவு. இங்கு மோட்டார் கார் என்னும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களின் பழைய வீடுகள் சிலவற்றில், பின்கட்டுத் தகரக் கொட்டகையின் கீழ், பாட்டனார் வாங்கிய அம்பாசிடரோ பியட்டோ இன்றும் நிற்பதுண்டு. டயர்களில் காற்றிராது, இருக்கையின் பஞ்சை எலி கொண்டுபோயிருக்கும். அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்பார் ஒரு மகன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, திரையும் காமிராவும் தானே பிரேக் பிடிக்கும் கருவியும் பொருந்திய புது வண்டி வாங்க வேண்டும் என்பார் மற்றொருவர். முன்னவர் எளிமையின் பக்கம் நிற்பதாகவும், பின்னவர் அறிவின் பக்கம் நிற்பதாகவும் கருதிக்கொள்கின்றனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவரும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் இடமும் உண்டு.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை வங்காளத்தின் உத்தரபாராவில் செய்யப்பட்டது அம்பாசிடர். அரை நூற்றாண்டுக்கு மேல் அதன் உருவம் பெரிதும் மாறவில்லை. ஆதலின் ஒரு வண்டியின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். ஊர்தோறும் அதனை அறிந்த மெக்கானிக் இருந்தார். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டுவதையும், பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைப்பதையும் வண்டிக்காரரே கற்றுக்கொள்ள முடிந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத உறுப்பு அரிது. கிடைக்காததை லேத்தில் கடைந்து கொடுத்தனர். தன் உடைமையைத் தான் அறிந்திருத்தல், பழுதுற்றதை எறியாமல் செப்பனிடுதல், பலருக்குக் கைத்தொழில் அளித்தல் ஆகிய மூன்றும் அவ்வண்டியைச் சூழ்ந்து வளர்ந்தன. இவற்றை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது.

எனினும், பழைய வண்டி கெட்டி இரும்பு, ஆதலால் பாதுகாப்பு என்று கூறப்படுவது பெரும் பிழை. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் ஒரு சோதனை நடத்திற்று. 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் ஒன்றையும், 2009ஆம் ஆண்டு செவர்லே மாலிபு ஒன்றையும் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டனர். பழைய பெருவண்டியில் ஓட்டுநரின் இடமே நசுங்கிற்று. அங்கு மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருத்தல் அரிது. புதிய வண்டியில் இருந்தவருக்குக் காலில் காயம் ஏற்படும் அளவோடு போயிருக்கும். மோதும் வேகத்தைத் தன் முன்பகுதி நொறுங்குவதால் வாங்கிக்கொள்ளுமாறு புதிய வண்டி வடிவமைக்கப்படுகிறது. மேலும் நம் நாட்டில் 2019 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பும் கட்டாயமாயின. எவ்வளவு மெருகிட்டாலும் பாட்டனார் காரில் இவை வந்துவிடா. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் பேரப்பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர் இதனை மறத்தல் தகாது. உயிர்க்கு ஊறு நேராமல் காத்தலே முதல் அறம் எனின், அவ்வறம் பின் இருக்கையிலிருந்தே தொடங்க வேண்டும்.

புகையும் அவ்வாறே. 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் கார்கள் பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு உட்பட்டவை. பழைய கார்புரேட்டர் வண்டியில் நச்சுப்புகையை மாற்றும் கருவியே இல்லை. அதே சமயம் ஒரு புதுக் காரைச் செய்ய இரும்பும் அலுமினியமும் உருக்கப்படுகின்றன. அப்புகை நம் கண்ணுக்குத் தெரியாத ஊர்களில் எழுகிறது. மாதம் நூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்காகப் புதியதை வாங்குவோர் இதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாள்தோறும் ஓடுவதாயின் கணக்கு புதியதன் பக்கமே சாயும்.

இனிப் புதுமையின் குறையைக் காண்போம். வண்டிக்குள் கணினிகள் புகுந்தபின் உடைமையாளர் பாதி வாடகைக்காரர் ஆகிவிட்டார். ஒரு விளக்கு எரிந்தால் அதன் பொருளை அறியவும் நிறுவனத்தின் கருவி வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி உறுப்புகளும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்காதவாறு அவை செய்தன என்பதே காரணம். வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. அம்பாசிடர் நின்ற மூன்றாம் மாதத்தில் இத்தீர்ப்பு வந்தது கவனிக்கத்தக்கது. 2021இல் சிறு சில்லுகள் கிட்டாமையால் உலகெங்கும் கார்த் தொழிற்சாலைகள் தடுமாறியதையும் கண்டோம். ஆதலின் புது வண்டி வாங்குவோர் திரை எத்தனை அங்குலம் என்பதைக் காட்டிலும், பத்தாண்டு கழித்து இதனை நம் ஊரில் யார் பழுது பார்ப்பார் என்று கேட்பது நலம். காற்றுப்பை உயிர் காக்கும். தானே திறக்கும் கூரை எதனைக் காக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை.

புதுப்பிப்போர்க்கும் ஒன்று கூற வேண்டும். துருவேறிய தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தல், டிங்கரிங், பெயிண்ட், எஞ்சினை ரீபோர் செய்தல், வயரிங் என்று செலவு ஏறும்பொழுது, நல்ல செகண்ட் ஹாண்ட் காரின் விலை கரைந்துவிடும். அதன்பின் மழைக்கு வெளியே எடுக்க மனம் வராது. எவரும் தொட்டால் பொறாது. அன்றாடம் ஓட்ட வேறொரு வண்டியும் வீட்டில் நிற்கும். இதனைச் சிக்கனம் என்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி. பாட்டனாரின் நினைவுக்காகவும் கைத்திறத்தில் கொண்ட ஆர்வத்துக்காகவும் ஒன்றைப் புதுப்பித்தல் குற்றமன்று. அதனை ஆசை என்றே ஒப்புக்கொண்டு, அதற்கு ஓர் எல்லையும் வகுத்துக்கொண்டால் போதும். பிறர் கொட்டகைகளிலும் பழைய வண்டி தேடித் திரிவோர் அவ்வெல்லையைக் கடந்துவிட்டனர். இருக்கைக்குத் தோலுறை போட்டால் எடுப்பாயிருக்கும் என்று தையற்காரர் கூறுவார். ரெக்சினே போதுமென்று நம்மவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புது வண்டிகளின் விலையுயர்ந்த வகைகளிலும் தோல் வருவதுண்டு, கேட்டறிந்து வாங்குக.

அன்றாடப் பயணத்துக்கு, காக்கும் கருவிகள் உள்ள, ஆடம்பரம் குறைந்த, பழுது பார்க்க எளிய புது வண்டி ஒன்றே ஒரு குடும்பத்துக்குத் தக்கது என்பது நம் கருத்து. 50 ஆண்டு கடந்த வண்டிகளைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் உரியனவாகத் தனியே பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்துள்ளது. புதுப்பிக்க விரும்புவோர் அவ்வழியை நாடலாம்.

விட்டுவிடுவதெனத் துணிந்தோர் அதனைச் செய்யும் முறையும் ஒன்றுண்டு. கொட்டகையிலேயே ஆள்வைத்து உடைத்தால், எஞ்சின் எண்ணெயும் பாட்டரி அமிலமும் மண்ணில் ஊற்றப்படும். அம்மண்ணில் வாழும் எண்ணற்ற சிற்றுயிர்களோடு கிணற்று நீரும் கெடும். அரசிடம் பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்று, பதிவையும் நீக்கிக்கொள்ள வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரர் கூடுதலாகச் சில ஆயிரம் தருவதாகச் சொல்லக்கூடும்.