செட்டியார் முதுகில் கல் ஏறவில்லை

கிட்டி என்பது இரண்டு மரக்கட்டைகள். இடையில் விரல்களைக் கொடுத்து நெரிப்பார்கள். அண்ணாந்தாள் என்றால், ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்துவது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்து உழவர்களிடம் நிலவரி பாக்கி இப்படியும் வசூலானது. அடிமைமுறையைச் சட்டம் 1843-இல் கைவிட்டிருந்தது. உழவனின் முதுகு மட்டும் இன்னும் அவனுடையதாகவில்லை.

அவன் யாரிடம் போய் முறையிடுவான்? வரி வசூலிக்கும் தாசில்தார் கையில்தான் போலீஸ் அதிகாரமும் இருந்தது.

காஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னைப் பட்டணத்து வணிகர். அவுரியும் துணியும் விற்ற குடும்பம். 1844-இல் சொந்தப் பணத்தில் 'கிரெசென்ட்' பத்திரிகையைத் தொடங்கினார். 1852-இல் மதராஸ் நேட்டிவ் அசோசியேஷனை அமைத்து, லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். மறு ஆண்டு டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இங்கே வந்தபோது, அவரை ஊர் ஊராக அழைத்துப்போய் உழவர்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்க்கவைத்தார். சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று 1855-இல் விசாரணைக் கமிஷனே எழுதியது. 1859-இல் போலீஸ் தனித்துறையானது.

இன்று வடபழனியில் ஆற்காடு சாலைக் கடைக்காரர் யாரைக் கேட்டாலும், "நமக்கெதுக்கு சார் வம்பு?" என்பார். அதில் நியாயம் உண்டு. ஆளுவோரைப் பகைத்துக்கொண்டால் முதலில் அடிவாங்குவது வியாபாரம்தான். செட்டியாருக்கும் இது தெரியாததல்ல. அவர் முதுகில் யாரும் கல்லேற்றவில்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனால், அடிபட்டவன் வாய் திறந்தால் மறுபடி அடி விழும் இடத்தில், அடி விழாதவன்தான் பேசியாக வேண்டும். பேசினார். சேர்த்த செல்வமெல்லாம் கரைந்து, 1868-இல் வறுமையில் இறந்தார்.

நம் கடைகளின் பின்கட்டிலும் குடோனிலும், அந்த உழவர்களைப்போல் வாய் திறக்க முடியாமல், முன்பணத்துக்கு ஈடாகப் பிடித்துவைக்கப்பட்ட ஆட்கள் இன்றும் இருக்கலாம். அப்படிக் கொடுத்த கடன் செல்லாது என்கிறது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். கடை வைத்திருக்கும் அன்பர்களே, அப்படி ஒருவர் உங்களிடம் இருந்தால், சேரவேண்டிய கூலியைக் கொடுத்து இன்றே விடுவியுங்கள். பக்கத்துக் கடையில் இருப்பது தெரிந்தால், கலெக்டர் அலுவலகத்தில் சொல்லுங்கள். குழந்தை என்றால் 1098 என்ற எண்ணை அழையுங்கள்.